புகையான் அல்ல, இது வேறு பூச்சி!



போன கார்த்திகையில் ஒரு நாள் ராத்திரி. மணி பதினொன்று இருக்கும். நான் திண்ணையில் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயலுக்குத் தண்ணீர் பார்த்துவிட்டு வந்த அப்பா, "இன்னும் தூங்காம என்னம்மா பண்ற?" என்று கேட்டார். "பூச்சி பிடிக்கிறேம்ப்பா" என்றேன் விளையாட்டாக. அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எந்த வயல்ல? புகையானா, குருத்துப்பூச்சியா?"

திருவிடைமருதூர்ப் பக்கம் சம்பா பயிரை நம்பியிருக்கும் எந்த வீட்டிலும் பூச்சி என்றால் இந்தக் கேள்விதான் முதலில் வரும். "அது இல்லப்பா, இது கம்ப்யூட்டர் பூச்சி" என்று சொல்லி, அன்றைக்கு ஒரு மணி நேரம் அப்பாவுக்கு விளக்கினேன். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அதனால் நான் வகுப்பில் படிப்பதை எல்லாம் வீட்டில் யாருக்காவது புரிகிற மாதிரி சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். அப்பாவுக்குப் புரிந்தால் எனக்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.

பெயர் வந்த கதை

ஒரு இயந்திரத்திலோ மென்பொருளிலோ இருக்கும் கோளாறை ஆங்கிலத்தில் 'பக்' என்கிறார்கள். பக் என்றால் பூச்சி. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இந்தச் சொல் இருந்தது. தாமஸ் ஆல்வா எடிசன் 1878-ல் எழுதிய ஒரு கடிதத்திலேயே தன் கண்டுபிடிப்புகளில் வரும் சின்னச் சின்னக் கோளாறுகளை இப்படித்தான் குறிப்பிட்டார்.

ஆனால் உண்மையான பூச்சி மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட மார்க்-2 என்ற கணிப்பொறியில் 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி ஒரு ரிலேக்குள் அந்துப்பூச்சி ஒன்று சிக்கிக்கொண்டது. அதை வெளியே எடுத்தவர்கள் தூக்கி எறியவில்லை. குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டினார்கள். பக்கத்திலேயே நேரம் பிற்பகல் 3.45, பேனல் எஃப், ரிலே எண் 70 என்று எழுதினார்கள். கிரேஸ் ஹாப்பர் என்ற கணினி விஞ்ஞானி இந்தக் கதையைப் பல இடங்களில் சொல்லிப் புகழ்பெறச் செய்தார். அந்தக் குறிப்பேடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கதையில் எல்லோரும் பூச்சியைத்தான் பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் குறிப்பேடு. எப்போது நடந்தது, எந்த இடத்தில், ஆதாரம் என்ன? மூன்றே விஷயம். இதைவிட நல்ல பக் ரிப்போர்ட் இன்றைக்கும் யாரும் எழுதிவிட முடியாது.

ஊரறிய ஒரு குறிப்பேடு

ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் என்றால் என்ன என்பது நாம் அறிந்ததே. அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். நிரல் திறந்திருக்கிறது என்பதோடு முடிந்துவிடவில்லை. அதில் என்னென்ன கோளாறு இருக்கிறது என்ற பட்டியலும் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது! அந்தப் பட்டியலுக்குத்தான் 'பக் டிராக்கர்' என்று பெயர். பிழைப் பதிவேடு என்று வைத்துக்கொள்வோம்.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்பா கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள் ஒரு கட்டு இருக்கிறது. மனு கொடுத்தால் ஒரு எண் வரும். அந்த எண்ணைச் சொல்லி நம் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். பிழைப் பதிவேடும் அப்படித்தான். நீங்கள் ஒரு கோளாறை எழுதிப் போட்டால் அதற்கு ஒரு எண் கிடைக்கும். ஒரே ஒரு வித்தியாசம். பக்கத்து ஊர்க்காரர் என்ன மனு கொடுத்தார், அதற்கு என்ன பதில் வந்தது என்று அப்பாவுக்குத் தெரியாது. பிழைப் பதிவேட்டில் உலகத்தில் எவர் எழுதியதையும், அதற்கு வந்த பதிலையும் நாம் படிக்கலாம்.

டெபியன் என்ற லினக்ஸ் திட்டம் 1993-ல் தொடங்கியது. அதன் பிழைப் பதிவேட்டை 1994-ல் இயான் ஜாக்சன் என்பவர் எழுதினார். 1997-ல் டெபியன்காரர்கள் வெளியிட்ட சமூக ஒப்பந்தத்தில், எங்கள் குறைகளை மறைக்க மாட்டோம், பிழைப் பதிவேடு முழுவதும் எப்போதும் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும் என்று வாக்குக் கொடுத்தார்கள். 2021 நவம்பரில் அந்தப் பதிவேட்டின் எண் 10 லட்சத்தைத் தொட்டது. பத்து லட்சம் குறை! இதைக் கேட்டால் மோசமான மென்பொருள் என்று தோன்றும். ஆனால் ஒளித்து வைக்காமல் எழுதி வைத்ததால்தான் எண்ண முடிந்தது என்பதை மறந்துவிடக்கூடாது.

இன்னொரு புகழ்பெற்ற பதிவேடு பக்சில்லா. மொசில்லா திட்டத்துக்காக 1998-ல் டெரி வைஸ்மன் இதை உருவாக்கினார். முதலில் டிசிஎல் என்ற மொழியில் எழுதி, பிறகு பெர்ல் மொழிக்கு மாற்றினார். பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், கேடிஇ போன்ற பெரிய திட்டங்களின் பிழைகள் எல்லாம் இந்த பக்சில்லா வகைப் பதிவேட்டில்தான் ஏறியிருக்கின்றன.

நான் பட்ட அவமானம்

இனி என் சொந்தக் கதை. அந்த லேப்டாப் தெருவில் ஒரு அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கிடைத்தது. அவர் வெளிநாடு போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பேட்டரி போய்விட்டது. ஒயரை உருவினால் உயிர் போய்விடும். அதில் லினக்ஸ் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்குப் பார்க்கிறார். மொத்தம் 14 பேர். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், எண் தெரியும், அவ்வளவுதான். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, சந்தா கட்டினால் தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். "ஏம்மா இந்த நோட்டு? நான் கம்ப்யூட்டர்ல போட்டுத் தரேன்" என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே வேறு யாரோ தட்டிக் கொடுத்த கோப்பில் இருந்தது. அதையே வைத்துக் கணக்குத்தாள் ஒன்று தயார் செய்தேன். மாதாமாதம் பெயரைத் தேடி, அந்த வரிசையில் தொகையைப் போட வேண்டியதுதான் வேலை.

குழுவில் ஒரு அத்தை இருக்கிறார். அவர் பெயரை இங்கே கௌரி என்று வைத்துக்கொள்வோம். நான் "கௌரி" என்று தட்டித் தேடினேன். இல்லை என்று வந்தது. சரி, விட்டுப்போயிருக்கும் என்று கடைசியில் ஒரு புது வரிசை போட்டு அவர் பெயரைச் சேர்த்துவிட்டேன். மூன்று மாதம் அப்படியே போனது.

நாலாவது மாதக் கூட்டத்தில் பட்டியலை நான்தான் வாசித்தேன். மேலிருந்து வாசித்துக்கொண்டே வந்தபோது அத்தையின் பெயர் வந்தது. எதிரே மூன்று மாதமும் காலி. "மூணு மாசமா சந்தா பாக்கி" என்று வாசித்துவிட்டேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. அத்தை எழுந்து நின்று, "நான் கூலிக்கு நாத்து நட்டு வந்த காசு. எடுத்து உங்க அம்மா கையிலதானே குடுத்தேன்?" என்றார். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். பதினோரு வருஷம் ஒரு ரூபாய் தப்பாமல் கணக்கு வைத்திருந்தவர் என் அம்மா. அவர் என்னைத் திட்டவில்லை. வீட்டுக்குப் போய் அந்தப் பழைய நோட்டை எடுத்து வந்து, அத்தையின் பக்கத்தைத் திறந்து காட்டினார். மூன்று மாதமும் தேதி, தொகை, கையெழுத்து இருந்தது. நல்ல வேளை, என் பேச்சைக் கேட்டு அம்மா நோட்டை நிறுத்தவில்லை! இரண்டாவது வரிசை கடைசியில் இருப்பதை நானும் அப்போதுதான் பார்த்தேன். அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். "போ புள்ள" என்றார். ஆனால் அந்த மாதம் முழுக்க அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

கோபத்தில் எழுதிய மனு

எனக்கு அந்த மென்பொருள் மேல் பயங்கரக் கோபம். எதிரிலேயே பெயர் இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது! அது ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அதன் பிழைப் பதிவேட்டில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். தலைப்பு, "தமிழ்த் தேடல் வேலை செய்யவில்லை". உள்ளே, "உங்கள் மென்பொருளால் எங்கள் குழுவில் சண்டை வந்துவிட்டது, உடனே சரிசெய்யவும்" என்ற பொருளில் நாலு வரி.

இரண்டு நாளில் பதில் வந்தது. எந்தப் பதிப்பு? எந்த இயங்குதளம்? என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது? மாதிரிக் கோப்பு ஒன்று இணைக்க முடியுமா? பதிவின் நிலையை 'மேலும் விவரம் தேவை' என்று மாற்றியிருந்தார்கள். முதலில் எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நம்ம ஆங்கிலத்தைப் பார்த்து அலட்சியம் செய்கிறார்கள் என்று நினைத்தேன். மறுபடி மறுபடி படித்தபோதுதான் புரிந்தது, அவர்கள் கேட்டதெல்லாம் மார்க்-2 குறிப்பேட்டில் இருந்த அதே கேள்விகள். எப்போது, எந்த இடத்தில், ஆதாரம் என்ன?

வயலில் பயிர் காய்கிறது என்று மட்டும் வேளாண்மை அதிகாரியிடம் சொன்னால் அவர் என்ன மருந்து சொல்வார்? தூரைப் பிரித்துப் பார்த்தாயா, நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வருகிறதா, வட்ட வட்டமாகக் கருகுகிறதா என்று கேட்பார். குருத்து கையோடு வந்தால் குருத்துப்பூச்சி. வட்டமாகக் கருகினால் புகையான். அடையாளம் சொல்லாத புகாருக்கு மருந்து கிடையாது. அப்பாவுக்கு இந்த இடம் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

ஒரு நல்ல பதிவில் இருக்க வேண்டியவை இவை:

1. கோளாறையே சொல்லும் தலைப்பு. "வேலை செய்யவில்லை" என்பது தலைப்பு அல்ல.
2. மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம்.
3. அடுத்தவர் செய்து பார்க்கும்படி வரிசையாகப் படிகள்.
4. எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று. இரண்டையும் தனித்தனியாக.
5. முடிந்த அளவு சிறிய மாதிரிக் கோப்பு.
6. ஒரு பதிவில் ஒரே ஒரு கோளாறு.

ஐந்தாவதுதான் என் கண்ணைத் திறந்தது. 14 பேர் கணக்கை ஊருக்குக் காட்ட முடியாது. அதனால் இரண்டே வரி வைத்து ஒரு கோப்பு செய்தேன். மேல் வரியில் பழைய பட்டியலில் இருந்த பெயர். கீழ் வரியில் நான் தட்டியது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. மேல் பெயரில் முதல் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து அழிக்கும் விசையை ஒரு தடவை அழுத்தினேன். "கெ" மிஞ்சியது. கீழ் வரியிலும் அப்படியே செய்தேன். "க" மிஞ்சியது!

நீங்களே செய்து பாருங்கள். கௌரி என்று சரியாகத் தட்டினால் 'க'வுக்குப் பிறகு வருவது ஔகாரக் குறி ஒன்றுதான். பழைய பட்டியலைத் தட்டியவரோ ஒற்றைக்கொம்பு போட்ட 'கெ'வுக்குப் பக்கத்தில் 'ள' என்ற தனி எழுத்தைப் போட்டு 'கெளரி' ஆக்கியிருந்தார். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. யூனிகோடு முறையில் ஔகாரக் குறிக்கு ஒரு எண், 'ள'வுக்கு வேறு எண். கம்ப்யூட்டர் எண்ணைத்தான் பார்க்கும். ஔவையார், வௌவால் என்று எத்தனையோ சொற்களில் நாம் இந்தத் தப்பைச் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆக, பூச்சி மென்பொருளில் இல்லை. எங்கள் பட்டியலில் இருந்தது. இதை நானே பதிவில் எழுதி, மாதிரிக் கோப்பையும் இணைத்தேன். பதிவின் நிலை 'பிழை அல்ல' என்று மாறியது. தமிழ் தெரிந்த தன்னார்வலர் ஒருவர் பதில் எழுதியிருந்தார். இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாதா என்று கேட்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு அப்படிச் செய்தால் வெள்ளம், தெளிவு, கெளுத்தி போன்ற சொற்களில் உண்மையாகவே வரும் 'ள' கெட்டுப்போகும் என்று விளக்கினார். கெளுத்தி மீன் எங்கள் வாய்க்காலில் பிடிக்கிற மீன்தான். எனக்கு வேறு உதாரணமே தேவைப்படவில்லை.

எழுதும் முன் தேடு

அதே பதிலில் அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இதற்குப் பக்கத்து உறவான ஒரு உண்மையான பிழை ஏற்கெனவே பதிவாகி இருக்கிறது, தேடிப் பாருங்கள் என்று. நான் எழுதும் முன் தேடாமல் இல்லை. "தமிழ்த் தேடல்" என்று தேடி, ஒன்றும் கிடைக்காமல்தான் எழுதினேன். பழைய பதிவு எனக்கு ஏன் அகப்படவில்லை? அதை எழுதியவர் "உயிர்க்குறி" என்றும் "இயல்பாக்கம்" என்றும் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களில் தலைப்புப் போட்டிருந்தார். நான் என் சொல்லில் தேடினேன், அவர் அவர் சொல்லில் எழுதியிருந்தார். இதுவும் கௌரி கதைதான்!

பிழைப் பதிவேட்டில் தேடுவது தனிக் கலை என்றால் மிகையாகாது. நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். திரையில் பிழைச்செய்தி ஏதும் வந்தால் அதை எழுத்து மாறாமல் அப்படியே போட்டுத் தேட வேண்டும். செய்தி இல்லாவிட்டால் ஒரே பொருளுக்கு மூன்று நான்கு சொற்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழ் என்று மட்டும் தேடாமல் மலையாளம், வங்காளம் என்றும் பார்க்க வேண்டும். அந்த எழுத்துகளிலும் இப்படி இருபக்கமும் குறி வரும், அவர்களுக்கும் இதே நோவு இருக்கும். மிக முக்கியமாக, மூடப்பட்ட பதிவுகளையும் சேர்த்துத் தேட வேண்டும். பல பதிவேடுகளில் சாதாரணமாகத் தேடினால் திறந்திருப்பவை மட்டுமே வரும். நமக்கு வேண்டிய பதில் பாதி நேரம் மூடியதில்தான் இருக்கிறது.

தேடல் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரு வேடிக்கையான உண்மைக் கதை. 2008, 2009-ல் உபுண்டு லினக்ஸ் பயன்படுத்திய சிலருக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் பிரிண்ட் வரவில்லை! ஒருவருடைய மனைவி இதைச் சொன்னபோது கணவர் நம்பவில்லை. பிறகு பார்த்தால் உண்மை. ஒருவர் ஆபீஸ் மென்பொருள் மேல் பழி போட்டார், ஒருவர் பிரிண்டர் டிரைவர் மேல். தனித்தனியாகக் கிடந்த பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஒரு கோப்பு எந்த வகை என்று அதன் தொடக்க எழுத்துகளைப் பார்த்துச் சொல்லும் 'ஃபைல்' என்ற சிறிய நிரல் ஒன்று இருக்கிறது. அதில் எர்லாங் என்ற மொழியின் கோப்பை அடையாளம் காண ஒரு விதி. ஒரு முழுத் தேதியை ஒப்பிட வேண்டிய அந்த விதி, இடைவெளியைச் சரியாகக் குறிக்காததால் முதல் மூன்று எழுத்தோடு நின்றுவிட்டது. அந்த மூன்று எழுத்து, செவ்வாய்க்கிழமையின் ஆங்கிலச் சுருக்கமான 'டியூ'. பிரிண்டருக்குப் போகும் கோப்பின் தொடக்கத்தில் தேதி இருக்கும். செவ்வாய்க்கிழமை அச்சடித்தால், இது அச்சுக் கோப்பு அல்ல, எர்லாங் கோப்பு என்று முடிவு கட்டிவிடும். பிரிண்டர் சும்மா இருக்கும்.

செவ்வாய்க்கிழமை வேலை ஆகாது என்று நம் பாட்டிமார் சொன்னால் சிரிக்கிறோம். ஒரு சாதாரண வீட்டுப் பெண்மணி பார்த்துச் சொன்னதைச் சிரித்து ஒதுக்காமல் எழுதி வைத்ததால்தான் இந்தப் பூச்சி பிடிபட்டது.

நான் தேடிக் கண்டுபிடித்த பழைய பதிவு 'கொ' பற்றியது. 'கொ'வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே எண்ணாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு எண்களாகவும் வைக்கலாம். இவை இரண்டும் சமம் என்று யூனிகோடு விதியே சொல்கிறது. ஆகவே ஒன்றைத் தேடினால் மற்றதும் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அது மென்பொருளின் பிழைதான். கெளரியில் நடந்தது தட்டியவர் தவறு, கொ-வில் நடப்பது நிரலின் தவறு. இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் பதிவேட்டில் முதல் வேலை.

கிழக்குக் கோபுரமும் மேற்குக் கோபுரமும்

ஒரு பதிவின் வாழ்க்கை இப்படிப் போகும். முதலில் 'உறுதியாகாதது'. வேறு ஒருவர் செய்து பார்த்து, ஆமாம் எனக்கும் அப்படித்தான் என்றால் 'உறுதியானது'. ஒருவர் வேலையை எடுத்துக்கொண்டால் 'ஒப்படைக்கப்பட்டது'. கடைசியில் 'முடிந்தது'. முடிவிலும் பல விதம் உண்டு. சரிசெய்யப்பட்டது, பிழை அல்ல, சரிசெய்யப் போவதில்லை, எனக்கு ஒழுங்காக வேலை செய்கிறது, ஏற்கெனவே உள்ள பதிவின் மறுபடி. இந்த மறுபடி என்பதை 'டூப்ளிகேட்' என்பார்கள். நம் பதிவு டூப்ளிகேட் ஆனால் வெட்கப்பட வேண்டியதில்லை. எத்தனை பேருக்கு இந்த நோவு இருக்கிறது என்று அதிலிருந்துதான் தெரியும்.

எங்கள் ஊர் மகாலிங்கசுவாமி கோயிலில் கிழக்கு வாசலில் நுழைந்தவர்கள் அதே வாசலில் திரும்பக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வரகுண பாண்டியனைப் பிடித்திருந்த பிரம்மஹத்தி கிழக்கு வாசலிலேயே காத்து நின்றது, அவன் மேற்கு வாசல் வழியாகப் போய்த் தப்பித்தான் என்பது தல வரலாறு. மென்பொருளிலும் இது உண்டு! தீர்ந்த பிழை வாசலில் காத்துக்கொண்டே இருக்கும். யாராவது தெரியாமல் பழைய நிரலைத் திரும்பக் கொண்டுவந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இதை 'ரெக்ரெஷன்' என்கிறார்கள். அதனால்தான் முடிந்த பதிவை அழிப்பதில்லை. அது ஏன் வந்தது, எப்படிப் போனது என்று எண்ணோடு நிரந்தரமாக இருக்கும்.

மேல்மடையில் அடைப்பா, கடைமடையிலா?

வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் அப்பா என்ன செய்வார்? கல்லணையில் திறந்துவிட்டார்களா என்று முதலில் கேட்பார். ஆற்றில் தண்ணீர் இருந்தால் அடைப்பு நம் பக்கம்தான். மென்பொருளும் இப்படித்தான் பாய்கிறது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளிவந்த 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியனோ ஆயிரக்கணக்கான தனித்தனித் திட்டங்களின் மென்பொருளைச் சேர்த்துத் தருகிறது. பாஸில் ஒரு கோளாறு தெரிந்தால் அது பாஸில் வந்ததா, டெபியனில் வந்ததா, அதற்கும் மேலே மூலத் திட்டத்தில் வந்ததா என்று பார்க்க வேண்டும். மேல்மடையில் சரிசெய்தால் கீழே எல்லோருக்கும் பாயும். கடைமடையில் மட்டும் ஒட்டுப் போட்டால் நமக்கு மட்டும்தான்.

அடைப்பைத் தேடவும் ஒரு வழி இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் வாய்க்காலை அப்பா தொடக்கத்திலிருந்து நடந்து பார்க்க மாட்டார். நடுவில் உள்ள மதகுக்குப் போவார். அங்கே தண்ணீர் இருந்தால் அடைப்பு கீழ்ப்பாதியில், இல்லாவிட்டால் மேல்பாதியில். பிறகு அந்தப் பாதிக்குப் பாதி. லினஸ் டார்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய 'கிட்' என்ற மென்பொருளில் 'பைசெக்ட்' என்ற கட்டளை செய்வது இதேதான். போன வருஷம் நன்றாக இருந்த மென்பொருள் இப்போது கெட்டிருக்கிறது, நடுவில் ஆயிரம் மாற்றங்கள் நடந்திருக்கின்றன என்றால், பாதி பாதியாகச் சோதித்து பத்தே சோதனையில் கெடுத்த மாற்றத்தைப் பிடித்துவிடலாம். இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். "இதைப் படிக்கத்தான் பீஸ் கட்டுனோமா? என்னைக் கேட்டா நானே சொல்லியிருப்பேனே!"

நாமும் செய்யலாம்

இந்த வேலைக்குப் பெரிய புரோகிராமராக இருக்க வேண்டியதில்லை. எங்கோ ஒருவர் எழுதிய உறுதியாகாத பதிவை எடுத்து, நம் கம்ப்யூட்டரில் செய்து பார்த்து, எந்தப் பதிப்பில் என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதினாலே அது உதவிதான். ஆங்கிலம் தடுமாறினாலும் படிகள் வரிசையாக இருந்தால் புரிந்துகொள்கிறார்கள். என்னிடம் யாரும் இலக்கணம் கேட்கவில்லை, பதிப்பு எண்தான் கேட்டார்கள். தமிழ் எழுத்து சம்பந்தமான கோளாறு நம் கண்ணில்தான் முதலில் படும். நாம் எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்? தமிழிலேயே இந்த விஷயங்களைப் படிக்க 2012-ல் தொடங்கிய 'கணியம்' இதழ் இருக்கிறது. தமிழ் எழுத்துகளைக் கையாளும் 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் நிரல்தொகுப்பு இருக்கிறது. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பாதுகாப்பு சம்பந்தமான ஓட்டை கண்ணில் பட்டால் அதை மட்டும் ஊரறிய எழுதக்கூடாது. பக்கத்து வீட்டுப் பூட்டு உடைந்திருந்தால் தெருவில் கூவுவோமா, வீட்டுக்காரரிடம் மெல்லச் சொல்வோமா? 2012-ல் ஓப்பன் எஸ்எஸ்எல் மென்பொருளில் நுழைந்து 2014 ஏப்ரலில் வெளியே தெரிந்த 'ஹார்ட்பிளீட்' என்ற பிழை உலகத்தையே கலக்கியது. இப்படிப்பட்டவற்றைத் திட்டக்காரர்களுக்கு ரகசியமாகத் தெரிவிக்கத் தனி வழி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கார்த்திகை ராத்திரி நான் செய்துகொண்டிருந்தது இதுதான். 'கொ' பற்றிய பழைய பதிவை என் பதிப்பில் செய்து பார்த்தேன். பிழை அப்படியே இருந்தது. இரண்டு வரி மாதிரிக் கோப்பை இணைத்துப் பதிப்பு எண்ணோடு எழுதினேன். ஒரு வாரத்தில் அதன் நிலை 'உறுதியானது' என்று மாறியது. இன்னும் யாரும் சரிசெய்யவில்லை. அடுத்த வருஷம் சி மொழி இன்னும் கொஞ்சம் கைவந்தால் நானே முயன்று பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

குழுக் கணக்கை மறுபடி கம்ப்யூட்டரில் போட அம்மா அனுமதி கொடுத்துவிட்டார். எல்லாப் பெயரையும் நானே புதிதாகத் தட்டினேன். கௌரி அத்தை போன மாதம் சந்தா கொடுக்க வந்தபோது, திரையில் தன் பெயரைத் தேடிக் காட்டச் சொன்னார். காட்டினேன். பார்த்துவிட்டு, "சரி, நோட்டுலயும் எழுதிடு" என்றார். எழுதினேன்.

— மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு மாணவி, திருவிடைமருதூர்